பழைய வாத்தியங்களில் பாஹ், விவால்டி வாசிக்கும் குழுக்கள்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

மாடிவீடு_வெள்ளவத்தை:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கத்திய சங்கீதம் தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று நினைத்துக் கேட்கிறேன். என் மகள் வயலின் படிக்கிறாள், ரோயல் ஸ்கூல்ஸ் சங்கீதப் பரீட்சைக்கு 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையமைப்பாளர்களான பாஹ் ஒன்றும் விவால்டி ஒன்றும் தயார்ப்படுத்துகிறாள். யூடியூப்பில் அந்த உருப்படிகளைத் தேடினால் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று பெரிய ஒர்கெஸ்ட்ரா, வழவழவென்ற பெரிய நாதம். மற்றது பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும், நாதம் மெல்லியது, கொஞ்சம் கரகரப்பு, வயலினில் நாடி வைக்கும் கட்டை இல்லை, வில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது, நடுவில் ஒருவர் பியானோவுக்கு முந்திய கீபோட் வாத்தியமான ஹாப்சிகோட் வாசிக்கிறார். மகள் அதோடு சேர்ந்து வாசித்தால் சுருதி ஒட்டுவதே இல்லை. ரீச்சரிடம் கேட்டதற்கு அது அந்தக் காலத்து வாத்தியங்கள், பரீட்சைக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கோ அந்த இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. நான் சின்ன வயதில் வீணை படித்தவள், மேற்கத்திய நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது, அதனால் எனக்கு விளங்கும்படி யாராவது சொல்லுங்கள். சுருதி ஏன் இறங்கியிருக்கிறது, அந்த வாத்தியங்கள் உண்மையாகவே பழையவையா, எந்தக் குழுக்களைக் கேட்கலாம், கொழும்பில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை இதைக் கொஞ்சமாவது பழகிப் பார்க்க வழி உண்டா?

நரம்புக்காரன்:

அக்கா, நல்ல கேள்வி. முதலில் சுருதி, அதை நம் கச்சேரிகளில் ஆதார சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கிலேயே சொல்லலாம். இன்றைய ஒர்கெஸ்ட்ராக்கள் 'ஏ' சுரத்தை 440 ஹேர்ட்ஸில் வைத்துச் சேர்க்கின்றன, அது நம்முடைய ஆறு கட்டை. நீங்கள் பார்த்த குழுக்கள் பாஹ், விவால்டி காலத்து இசைக்கு அதே 'ஏ'யை 415இல் வைக்கின்றன, அது ஐந்தரைக் கட்டை. அரைச் சுரம் வித்தியாசம், மகளுக்கு இடிப்பது அதுதான். 415 அந்தக் காலத்தில் எல்லா ஊருக்கும் பொதுவாக இருந்த சுருதி என்று நினைக்க வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் சுருதி மாறும், ஒரே ஊரில் தேவாலய ஒர்கன் ஒரு சுருதியிலும் அரண்மனைக் குழு வேறொன்றிலும் இருக்கும். இன்று எல்லோரும் சேர்ந்து வாசிக்க வசதியாக 415ஐ வைத்துக்கொண்டார்கள். சரியாக அரைச் சுரம் என்பதால் ஹாப்சிகோட்டின் கீபோட்டை ஒரு கீ அளவு நகர்த்தினால் 440க்கும் வாசிக்கலாம். பழைய பிரெஞ்சு இசைக்கு 392, மொஸார்ட், ஹைடனுக்கு 430 என்றும் வைப்பார்கள். 440 என்பதே சர்வதேச அளவில் 1939இல் லண்டன் மாநாட்டில் ஒப்புக்கொண்டதுதான்.

வாத்தியங்கள் பழையவையா என்றால், சில பழையவை, பெரும்பாலானவை பழையவற்றைப் பார்த்து இப்போது செய்தவை. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்ராடிவாரி 1737இல் இறந்தார், அவர் செய்த வயலின்களை இன்றும் பெரிய கலைஞர்கள் வாசிக்கிறார்கள், ஆனால் அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிறகு பிரித்து மாற்றிவிட்டார்கள். கழுத்தை நீட்டிப் பின்னால் சாய்த்தார்கள், உள்ளே தாங்கும் சட்டத்தைத் தடிப்பாக்கினார்கள், பெரிய மண்டபத்துக்குக் கேட்க வேண்டும் என்று தந்தியின் இழுவிசையைக் கூட்டினார்கள். ஆகவே 300 வருடப் பழைய வயலின் இன்றைய வாத்தியமாக இருக்கலாம், போன வருடம் செய்த வயலின் பாஹ் காலத்து வாத்தியமாக இருக்கலாம். மரத்தின் வயதைவிட அமைப்புத்தான் முக்கியம்.

எனக்கு வயலினைவிட வில்தான் பெரிய விஷயம். உள்பக்கமாக வளைந்த இன்றைய வில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் தூர்த் என்பவர் கையில் வடிவம் பெற்றது. தொடக்கத்திலிருந்து நுனிவரை ஒரே பலத்தில் சுரத்தை இழுக்கலாம். அதற்கு முந்திய வில் நுனியில் இலேசாக இருக்கும், கீழே இழுத்தால் பலம், மேலே தள்ளினால் மெலிவு, ஒவ்வொரு சுரமும் பிறந்து பருத்துத் தானே தேய்ந்துபோகும். ஆட்டுக் குடலில் செய்த நரம்பு சேர்ந்தால் சுரத்தின் தொடக்கத்தில் ஒரு மெய்யெழுத்து ஒலிப்பது போல இருக்கும். குறிலும் நெடிலும் வேறுவேறாகக் கேட்கும் பேச்சு மாதிரி வரும் அந்த வாசிப்பு. நீங்கள் கரகரப்பு என்று சொன்னது இதைத்தான், அது குறை இல்லை. பாஹின் வேகமான பகுதிகள் இன்றைய வில்லில் ஒரே நீளக் கோடாகப் போய்விடுகிற இடத்தில், பழைய வில்லில் எது பெரிய சொல், எது சின்னச் சொல் என்று தானாகப் பிரிந்து விழும்.

சுரத்தை நடுக்குவதும் அப்படியே. மொஸார்ட்டின் தகப்பன் லியோபோல்ட் 1756இல் வயலின் பாடநூல் ஒன்று வெளியிட்டார், அதில் எல்லாச் சுரத்தையும் ஓயாமல் நடுக்குகிறவர்களைக் கண்டித்திருக்கிறார். நடுக்கம் அவருக்கு ஒரு அலங்காரம், தேவையான இடத்தில் மட்டும் வரவேண்டியது. எந்தச் சுரத்துக்கு என்ன கமகம், எந்தச் சுரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று படித்த உங்களுக்கு இது உடனே பிடிபடும்.

இன்னொன்று, பெல்ஜியத்து வயலின்காரர் சிகிஸ்வால்ட் குய்கன் 1969 முதல் நாடியால் வயலினைப் பிடிக்காமல் வாசிக்கத் தொடங்கினார், பிறகு பலர் அவர் வழியில் போனார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இன் தொடக்கத்திலும் பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் வந்த வயலினை நாங்கள் இன்றைக்கும் நாடியால் பிடிப்பதில்லை, நெஞ்சுக்கும் காலுக்கும் இடையில்தான் நிறுத்துகிறோம். மகளுக்குக் கர்நாடக வயலின் கச்சேரி ஒன்றையும் இந்தக் கண்ணோடு காட்டுங்கள்.

குழுக்கள் என்றால், வியன்னாவில் ஹார்னோன்கோர்ட் 1953இல் தொடங்கிய கொன்சென்டஸ் மியூசிகஸ்தான் முன்னோடிகளில் ஒன்று. அவரும் ஆம்ஸ்டர்டாமில் இருந்த லியோன்ஹார்ட்டும் சேர்ந்து பாஹின் தேவாலயக் கண்டாட்டாக்கள் (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த வழிபாட்டு உருப்படிகள்) முழுவதையும் 1971க்கும் 1990க்கும் இடையில் ஒலிப்பதிவு செய்து முடித்தார்கள். பிறகு 1970களில் கொலோனில் மியூசிகா ஆன்டிகுவா, லண்டனில் இங்கிலிஷ் கொன்சேர்ட், அகடமி ஒப் ஏன்சியன்ட் மியூசிக், பார்சிலோனாவைச் சேர்ந்த ஜோர்டி சவால் தொடங்கிய எஸ்பெரியன் என்று வரிசையாக வந்தார்கள். உங்கள் மகள் விவால்டி வாசிக்கிறாள் என்றால் மிலானில் இருந்து வந்த இல் ஜியார்டினோ ஆர்மோனிகோ குழுவின் 'நான்கு பருவங்கள்' கேட்கட்டும், ஆரம்பத்தில் முரட்டுத்தனமாகத் தோன்றும், விடாமல் கேட்கச் சொல்லுங்கள். தனி வயலினுக்கு பாஹ் 1720இல் எழுதிவைத்த சொனாட்டா, பார்ட்டிட்டா என்ற உருப்படிகளை ரேச்சல் பொட்ஜர் வாசித்ததைக் கேட்கலாம்.

எனக்கு மனதுக்கு நெருக்கமான குழு யப்பானில் இருக்கிறது. மசாக்கி சுசுகி ஆம்ஸ்டர்டாமில் டொன் கோப்மனிடம் படித்துவிட்டுத் திரும்பிப்போய் 1990இல் பாஹ் கொலேகியம் ஜப்பான் என்று தொடங்கினார். கோபேயில் ஒரு பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் 1995இல் தொடங்கி 2013 வரை கண்டாட்டாக்கள் முழுவதையும் பதிவு செய்து முடித்தார்கள். ஆசியாவில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்று இங்கே யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அவர்களைத்தான்.

காசு செலவில்லாமல் கேட்க நெதர்லாந்து பாஹ் சங்கம் இருக்கிறது. பாஹ் எழுதிய எல்லாவற்றையும் வீடியோவாக எடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், 2014இல் தொடங்கியது. கமராவும் நன்றாக இருக்கும், வில்லும் விரலும் கிட்டத்தில் தெரியும், பிள்ளைக்கு அது பெரிய பாடம்.

கொழும்பு13:

நரம்புக்காரன் தம்பி வாத்தியங்களைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதைக் கேட்டால் பாஹ் கேட்ட சத்தத்தையே கேட்கிறோம் என்று அக்கா எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க இசை அறிஞர் ரிச்சர்ட் டாரஸ்கின் இதை 1980கள் முதல் விடாமல் எழுதிவந்தார். இந்தக் குழுக்களின் வேகம், இறுக்கம், உணர்ச்சியைக் கொட்டாத சுத்தம் எல்லாம் 20ஆம் நூற்றாண்டின் ரசனை, அதற்குப் பழங்காலத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். அதில் நிறைய உண்மை இருக்கிறது. எத்தனை பேர் பாடினார்கள் என்ற ஒரு சின்ன விஷயத்தையே எடுத்துப் பாருங்கள். 1981இல் ஜோஷுவா ரிப்கின், பாஹின் 'கோரஸ்' என்பது பெரும்பாலும் ஒரு குரலுக்கு ஒரு ஆள்தான் என்று வாதாடினார், அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. ஒருவர் நாலு பேரை வைத்துப் பாடுகிறார், ஒருவர் இருபது பேரை வைத்துப் பாடுகிறார், இரண்டு பேரும் ஆதாரம் காட்டுகிறார்கள்.

நான் வளர்ந்தது கார்ல் ரிக்டர் மியூனிக்கில் 1958இல் பதிவு செய்த மத்தேயு பாஷனை, அதாவது இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஹின் பெரிய உருப்படியைக் கேட்டுத்தான். இன்றைய வாத்தியங்கள், பெரிய பாடகர் குழு, மெதுவான நடை. தொடக்கக் கோரஸ் அந்த நடையில் சிலுவையைச் சுமந்து ஏறுகிற பாரத்தோடு வரும். புதிய குழுக்கள் அதையே நடனம் மாதிரி வாசிக்கின்றன, எனக்கு மனம் ஒப்பவில்லை. மகளுக்கு இரண்டையும் கேட்கக் கொடுங்கள்.

நரம்புக்காரன்:

கொழும்பு13 அண்ணா, ரிக்டரை நானும் விடமாட்டேன். டாரஸ்கின் எழுதியதற்குப் பிறகு அந்தக் குழுக்களும் 'இதுதான் அசல்' என்று சொல்வதை அனேகமாக விட்டுவிட்டன. ஆனால் நடன நடை என்று நீங்கள் சொன்ன இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தொடக்கக் கோரஸ் பன்னிரண்டு-எட்டுத் தாளத்தில் எழுதப்பட்டது, அடியில் பாஸ் ஒரே சுரத்தில் துடித்துக்கொண்டே இருக்கும். குடல் நரம்பில் அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் விழுந்து எழும்புவது கேட்கும், பாரமும் அதில்தான் இருக்கிறது. பெரிய ஒர்கெஸ்ட்ராவில் அது அடியில் ஒரு இரைச்சலாகத் தங்கிவிடுகிறது. இரண்டு குழுக்களும் எதிரெதிராக நிற்க, நடுவில் பிள்ளைகளின் குரல் வேறொரு கீதத்தோடு மேலே வரும் இடத்தை ஒருமுறை இந்த வாத்தியங்களில் கேளுங்கள், மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும்.

மாடிவீடு_வெள்ளவத்தை:

இரண்டு பேருக்கும் மிச்சம் நன்றி. நேற்றிரவு நெதர்லாந்துக்காரருடைய வீடியோக்கள் சிலவற்றை மகளோடு இருந்து பார்த்தேன். அதில் ஒன்று கேட்க வேண்டும். ஹாப்சிகோட்டும் வயலின்களும் கடைசியில் ஒன்றாக நிற்கும்போது தம்புரா சேர்ந்த வீட்டில் இருப்பது போல ஒரு ஓய்வு வருகிறது. எங்கள் வீட்டு டிஜிட்டல் பியானோவில் அதே சுரங்களை வாசித்தால் அந்த ஓய்வு இல்லை. இது என் கற்பனையா?

மெழுகுமெட்டு:

கற்பனை இல்லை அக்கா, வீணைக் காது சரியாகப் பிடித்திருக்கிறது. இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான பங்காகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்தாலும் வாசிக்கலாம், ஆனால் பஞ்சமமும் சுத்த மத்திமமும் சுத்தத்துக்குக் கிட்ட நிற்கிற மாதிரிக் காந்தாரங்கள் நிற்பதில்லை. அந்தர காந்தாரம் சுத்தமாக நிற்க வேண்டிய இடம் 386 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்), பியானோவில் அது 400. தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாக எழும்பும் காந்தாரத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த 14 சென்ட் உறுத்தும்.

பழைய கீபோட் வாத்தியங்களை வேறுமாதிரிச் சேர்த்தார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பரவலாக இருந்த மீன்டோன் முறையில் பஞ்சமத்தைக் கொஞ்சம் குறைத்து, காந்தாரத்தைச் சுத்தமாக வைப்பார்கள். அதன் விலை என்னவென்றால் எல்லா ஆதாரத்திலும் வாசிக்க முடியாது, ஒரு பஞ்சமம் ஓநாய் ஊளையிடுவது மாதிரிக் கேட்கும், ஆகவே அதை 'ஓநாய்' என்றே கூப்பிட்டார்கள். பிறகு வெர்க்மைஸ்டர் போன்றவர்கள் 1690களை ஒட்டி இரண்டுக்கும் நடுவில் வழி பார்த்தார்கள், எந்த ஆதாரத்திலும் வாசிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் வேறு நிறமாக இருக்கும். பாஹ் குழுக்கள் அனேகமாக அந்த வகையில்தான் சேர்க்கின்றன.

உங்கள் டிஜிட்டல் பியானோவின் செட்டிங்கில் டெம்பரமென்ட், அதாவது இந்தச் சேர்க்கும் முறை, என்று இருக்கிறதா பாருங்கள், கொஞ்சம் நல்ல மொடல்களில் மீன்டோன், வெர்க்மைஸ்டர் எல்லாம் இருக்கும், சுருதியை 415க்கு இறக்கவும் முடியும். ஹாப்சிகோட் சத்தத்தைப் போட்டு மீன்டோனில் ச-க-ப மூன்றையும் சேர்த்து அழுத்திக் கேளுங்கள், பிறகு சமப் பங்கீட்டுக்கு மாற்றி அதையே அழுத்துங்கள். மகளும் 415இல் அதோடு சேர்ந்து வாசிக்கலாம்.

எழுவான்கரை:

இங்கே வீணை, தம்புரா வரை வந்துவிட்டீர்கள், யாழை யாரும் சொல்லவில்லையே! பழைய வாத்தியத்தை ஆராய்ந்து மீட்கிற வேலையை நம்மில் ஒருவர் செய்திருக்கிறார், அதுவும் ஹார்னோன்கோர்ட் குழு தொடங்குவதற்கு முன்பே. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள். விஞ்ஞானம் படித்தவர், கணக்குத் தெரிந்தவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்து வைத்துக்கொண்டு, உரைகாரர்கள் சொன்னதையும் சேர்த்து, யாழ்களின் வடிவம், நரம்பு, சுரங்களுக்கு இடையிலான கணக்கு, பண்கள் எல்லாவற்றையும் வருடக்கணக்காக ஆராய்ந்தார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது, கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகள் இதே கொழும்பில் காலமானார்.

அவருடைய வேலை எவ்வளவு கடினம் என்று விளங்க வேண்டுமென்றால் ஐரோப்பாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுக்கு அன்ட்வேர்ப்பில் ருக்கர்ஸ் குடும்பம் செய்த ஹாப்சிகோட்கள் மியூசியங்களில் அப்படியே இருக்கின்றன, அளந்து நகல் எடுக்கலாம். புல்லாங்குழல்காரர் குவான்ஸ் 1752இலும் பாஹின் மகன் எமானுவேல் 1753இலும் எப்படி வாசிக்க வேண்டும் என்று விரல் வைப்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்தில் நொட்டேஷன் இருக்கிறது. நமக்கோ சங்க காலத்து யாழ் ஒன்றுகூட மிஞ்சவில்லை, நொட்டேஷன் இல்லை. இருப்பது பாட்டும் உரையும் சில சிற்பங்களும். ஆனால் அந்தப் பாட்டு இலேசானதில்லை. பொருநராற்றுப்படையில் யாழின் குடமான பத்தரின் வடிவத்தை மானின் குளம்பு பதிந்த தடத்தோடு ஒப்பிட்டு, அதன்மேல் இழுத்துக் கட்டிய தோலின் நிறம், ஆணி, வளைந்த கோடு, நரம்பைத் தாங்கும் திவவு என்று பகுதி பகுதியாகச் சொல்லியிருக்கிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், வீணை மாதிரி மெட்டில் அழுத்துவது இல்லை.

குழுவாக வாசிப்பது பற்றிய கேள்வி என்பதால் இதையும் சொல்ல வேண்டும். மாதவி அரங்கேறும் இடத்தில் எந்த வாத்தியம் எதைப் பின்பற்றியது என்று இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். குழல் முன்னே போகிறது, குழலின் வழியில் யாழ், யாழின் வழியில் தோல்வாத்தியமான தண்ணுமை, தண்ணுமைக்குப் பின்னால் முழவு, முழவோடு ஆமந்திரிகை. அது ஒரு குழுவின் அமைப்பு! அண்மைக் காலத்தில் சென்னையில் யாழைத் திரும்பச் செய்கிறார்கள், அதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் யாழைத் தனியாக மேடையில் வைத்து சினிமாப் பாட்டு வாசித்துக் காட்டினால் போதாது. குழல், யாழ், தண்ணுமை, முழவு நாலையும் சேர்த்து, பண் தெரிந்த ஓதுவார் ஒருவரையும் இருத்தி, இளங்கோ சொன்ன வரிசையில் வாசித்துப் பார்க்கிற ஒரு குழு வேண்டும். ஊகம் நிறைய இருக்கும்தான், ரிப்கினுடையதும் ஊகம்தானே, அதை மேடையில் வைத்துத்தானே சோதித்தார்கள். சங்கீதமும் தமிழும் ஒரே வளாகத்தில் படிப்பிக்கிற பல்கலைக்கழகங்கள் கிழக்கிலும் வடக்கிலும் இருக்கின்றன. செய்யலாம், செய்ய வேண்டும்.

கொழும்பு13:

எழுவான்கரை சொன்னதற்கு முழு ஆதரவு. அவ்வளவு தூரம் பின்னால் போகவும் தேவையில்லை, நாதஸ்வரத்தைப் பாருங்கள். முந்தி இருந்தது திமிரி, குட்டையானது, நாலு நாலரைக் கட்டையில் பேசும். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நீளமான பாரி வந்தது, இரண்டு, இரண்டரைக் கட்டை, இன்று எங்கும் அதுதான். வெளிவீதியில் திமிரியின் கூர்மைக்கு என்று அமைந்த மல்லாரியை திமிரியிலேயே வாசித்துப் பதிவு செய்து வைக்க இப்போதும் காலம் இருக்கிறது.

மழைக்காலத்தந்தி:

நான் வயலின் பழுதுபார்க்கிற ஆள், அக்காவின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உடனே குடல் நரம்பு வாங்கிப் போட வேண்டாம். கொழும்பின் ஈரப்பதத்தில் அது ஊறும், கடற்காற்று அடிக்கிற வெள்ளவத்தையில் இன்னும் மோசம், ஏசி மண்டபத்துக்குள் போய் வெளியே வந்தால் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும், மேல்தந்தி கெதியாக அறுந்தும் போகும். இங்கே இலேசாகக் கிடைக்கிற பொருளும் இல்லை. ஹாப்சிகோட்டும் இந்த ஊரில் பெரிய பராமரிப்பு, பலகை ஊறிச் சுருங்க ஒவ்வொரு முறையும் வாசிக்க முன்பு சேர்க்க வேண்டும்.

பிள்ளைக்கு முதலில் வேண்டியது பழைய மாதிரி வில் ஒன்று மட்டும். சாதாரண வயலினிலேயே அதை வைத்து வாசிக்கலாம், பாதி வித்தியாசம் அதிலேயே தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருந்து யாராவது வரும்போது ஆரம்பநிலை வில் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவரைக்கும் இருக்கிற வில்லையே அடிக்கட்டையில் இருந்து கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்து வாசித்துப் பார்க்கட்டும், நுனியின் பாரம் குறைந்து சுரம் தானாகத் தேய்வது கைக்கு விளங்கும். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரெக்கோடர் வீட்டில் கிடந்தால் அதையும் எடுங்கள், அதன் உடம்பு பரோக் காலத்து (பாஹ், விவால்டி காலத்து) அமைப்புத்தான், விவால்டியும் டெலமானும் ரெக்கோடர் வகைகளுக்கென்றே எழுதியிருக்கிறார்கள்.

மாடிவீடு_வெள்ளவத்தை:

வில்லை மேலே பிடிப்பதை இன்று பின்னேரமே செய்து பார்த்தாள், சுரம் தேய்வது அவளுக்கே கேட்டது. பரீட்சையிலும் அப்படியே வாசிக்கலாமா என்று கேட்கிறாள்.

மழைக்காலத்தந்தி:

பரீட்சைக்கு வேண்டாம் அக்கா. கைப்பிடியை இப்போது மாற்றினால் இரண்டும் கலந்து தடுமாறுவாள். பிடி பழையபடி இருக்கட்டும், ஆனால் எந்தச் சுரம் பலம், எந்தச் சுரம் மெலிவு என்று அவள் இப்போது கேட்டுப் பிடித்ததை அந்தப் பிடியிலேயே கொண்டுவரலாம். ரீச்சரிடமும் அதைச் சொல்லிக் கேளுங்கள், நல்ல ரீச்சர் என்றால் சந்தோஷப்படுவார். புதுப் பிடியை பரீட்சை முடிந்த பிறகு எடுக்கட்டும்.